முள் இறங்கும் வரை

"பாய், என் வண்டிக்கு டர்போ மாட்டணும்."

"முடியாதுண்ணே."

"ஏன்?"

"அது இல்லாமப் பொறந்த வண்டி."

"நான்கூட மீசை இல்லாமத்தான் பொறந்தேன்."

சிக்கந்தர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கேட்டவர் காசிமாயன். ஐம்பதைத் தாண்டியவர். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர். ஆள் ஏற்றி இறக்குவது தொழில்.

சிக்கந்தர் அவரைவிட இளையவர். வண்டிகளின் டீசல் பம்ப் பழுதுபார்க்கிறவர். போடிக்கு வெளியே, மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் பட்டறை. பலகை கிடையாது. தேவைப்படுகிறவனுக்குத் தெரியும்.

அவரிடம் தொழில் பழக வந்தவர்கள் உண்டு. யாரும் நிலைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். கேட்காததைக் கேட்பார். எவனுக்குப் பிடிக்கும்?

"எதுக்கு டர்போ?"

"ஏத்தத்துல சாகுது பாய்."

"எந்த ஏத்தம்?"

"கழுதைப்பாறை."

எஸ்டேட் இருப்பது பள்ளத்தில். அங்கிருந்து ஊருக்கு வர வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும். கழுதைப்பாறை ஏற்றம். அதன் உச்சியைத் தாண்டினால் மெட்டு, மலையைக் கடக்கிற கணவாய். மெட்டைத் தாண்டினால் போடி வரை இறக்கம்தான்.

"ரெண்டாவது கியர் இழுக்க மாட்டேங்குது. ஒண்ணுல போட்டா ஊருது."

"ரொம்ப வருசமா ஊருதுல்ல. இப்ப என்ன அவசரம்?"

காசிமாயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இல்லை. சும்மா துடைத்தார்.

"போன வைகாசியில என் சம்சாரம் அந்த ஏத்தத்துல போயிட்டா. ஒச்சம்மா. நெஞ்சு வலி. இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். ஊர்ந்துச்சு பாய். நான் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், அது ஊர்ந்துச்சு."

சிக்கந்தர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஒரே மக. அழகுமீனா. அவளும் எஸ்டேட்டுலதான் வேலை. அன்னையிலேர்ந்து என் வண்டியில ஏற மாட்டேங்கிறா. மொத வண்டியா என் வண்டி நிக்கும். அடுத்த வண்டிகிட்டப் போயி நிப்பா."

"வண்டி இழுக்கலைன்னா ஏற மாட்டேங்கிறா?"

"பின்ன? இழுத்தா ஏறுவா."

"அவ சொன்னாளா?"

"என்கிட்டப் பேசினாத்தானே சொல்றதுக்கு?"

சிக்கந்தர் ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"டர்போ வேணாம்ணே. போயிட்டு வாங்க."

மறுநாள் காசிமாயன் வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"இன்னைக்கும் முடியாது" என்றார் சிக்கந்தர்.

"சரி. நாளைக்கு வாரேன்."

"நாளைக்கும் முடியாது."

"நாளான்னைக்கு எனக்கு வேலை இல்லை."

சிக்கந்தர் கையை நீட்டினார். வேறென்ன செய்வது?

டர்போ சின்னச் சமாச்சாரம். நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு. உள்ளே ஒரு விசிறி. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம். டீசல் கூடினால் இழுவை கூடும். சூடும் கூடும்.

இழுவை கூடும் என்பதோடு எல்லாரும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

"எங்க வாங்குனீங்க?"

"கோயம்புத்தூர். பழைய இரும்புக் கடை."

"எந்த வண்டியில இருந்ததாம்?"

"மோதி நசுங்குன வண்டியாம். இது மட்டும் தப்பிச்சதாம்."

சிக்கந்தர் விசிறியின் அச்சை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. அவர் முகம் தொங்கிப்போனது. குறை இருந்தால் அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றிருந்தார்.

வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். விசிறி சுற்றியது. சத்தமில்லை. அவர் ஊதுவதை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது.

காசிமாயன் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு பெல்ட் எங்க பாய்?"

"பெல்ட் கெடையாது."

"பின்ன எது சுத்தும்?"

"புகை. எஞ்சின் வேணாம்னு வெளிய தள்ளுற புகை."

"வெளிய போற புகையா வண்டியை இழுக்கும்?"

"ஏன், போனது இழுக்காதா? உங்களை இங்க எது இழுத்துட்டு வந்துச்சு?"

காசிமாயன் துண்டை உதறி மடித்தார்.

"வண்டியை உள்ள விடுங்க" என்றார் சிக்கந்தர்.

வேலை நடந்தபோது காசிமாயன் பட்டறையை விட்டு நகரவில்லை. புகை போகும் பழைய இரும்பைக் கழற்றினார்கள். டர்போவைத் தாங்கும் புது இரும்பைப் பொருத்தினார்கள். காற்றுக் குழாயைத் திருப்பினார்கள். எஞ்சினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் போக ஒரு மெல்லிய குழாய். எண்ணெய் திரும்பிவர ஒரு தடித்த குழாய்.

"முடிஞ்சுதா பாய்?"

"இல்லை."

"எப்ப முடியும்?"

"நீங்க கேக்குறதை நிறுத்துனதுக்கப்புறம்."

காசிமாயன் ஒரு பீடி பற்றவைத்து இழுக்கிற நேரம் கேட்காமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"இப்ப முடிஞ்சுதா?"

சிக்கந்தர் எண்ணெய்க் குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"இதை நீங்க மாட்டுங்க."

"நானா? தப்பா மாட்டிருவேன்."

"அதான் நிதானமா மாட்டுவீங்க."

காசிமாயன் மாட்டினார். நிதானமாகத்தான் மாட்டினார். அந்த நேரம் முழுக்க ஒரு கேள்வியும் வரவில்லை.

"உள்ள விசிறி இரும்பு மேல சுத்தலைண்ணே. எண்ணெய் மேல சுத்துது. எண்ணெய் இல்லாம ஒரு நிமிசம் சுத்துனாலும் கருகிரும். தெரிஞ்சுக்கங்க."

"தெரிஞ்சுக்கிட்டேன். ஸ்டார்ட் பண்ணவா?"

சிக்கந்தர் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஸ்டாப்பர் குமிழை வெளியே இழுத்துவிட்டார். பழைய டீசல் ஜீப்பில் அதுதான் எஞ்சினை நிறுத்துகிற குமிழ். இழுத்தால் டீசல் போகாது.

"இப்ப சாவியைத் திருப்புங்க."

எஞ்சின் முக்கிற்று, முக்கிற்று. பற்றவில்லை.

"ஸ்டார்ட் ஆகலையே?"

"ஆகக் கூடாது."

"பின்ன எதுக்குத் திருப்புறோம்?"

"எண்ணெய் மேல வரணும்."

"என் வாழ்க்கையில ஸ்டார்ட் ஆகாம இருக்கிறதுக்குச் சாவியைத் திருப்புனது இதான் மொத தடவை."

"ஸ்டார்ட் ஆகிட்டா போயிட்டோம்னு அர்த்தமாண்ணே?"

காசிமாயன் சிரித்தார். சிக்கந்தர் சிரிக்கவில்லை. குமிழை உள்ளே தள்ளினார். எஞ்சின் பற்றியது. அதன் சத்தத்துக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழுந்தது.

கடைசியாக, புகைக் குழாயின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை ஸ்டியரிங்குக்கு எதிரே வைத்தார். அதன் கண்ணாடிமேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"யாரு நகப்பூச்சு பாய்?"

"வீட்டுல உள்ளது."

"கேட்டு எடுத்தீங்களா?"

"கேட்டாக் குடுக்க மாட்டா."

கோடு காய்ந்தது.

"முள் இதைத் தாண்டக் கூடாது. தாண்டினா உள்ள பிஸ்டன் உருகும்."

"இழுக்குமா?"

"பாரத்தை வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அன்னைக்கு என்ன பாரம் இருந்துச்சோ அதே பாரம் வேணும். எத்தனை பேர் வண்டியில?"

காசிமாயன் யோசிக்கவில்லை. தினமும் எண்ணுகிறவருக்கு யோசனை எதற்கு?

"ரொம்பிருச்சு."

"ரொம்பன்னா?"

"பின்னால நெருக்கி உக்காந்திருந்தாங்க. நடுவுல குனிஞ்சு நின்னாங்க. பின் கம்பியில ரெண்டு பேரு தொங்குனானுங்க. முன்னால அவளும் இன்னொரு பொம்பளையும்."

"அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை. சனிக்கிழமைல்ல. சந்தைக்கு."

சிக்கந்தர் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலை ஏறி, மெட்டைத் தாண்டி, எஸ்டேட் பள்ளத்தில் இறங்கினார்கள்.

ஜீப் ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. வீரணன் மட்டும் தன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மற்றொரு டிரைவர். காசிமாயனுக்கு அடுத்த வண்டி எப்போதும் அவனுடையது. வாய் சும்மா இருக்காதவன்.

"என்ன மாயண்ணே, வண்டிக்குள்ள விசில் கேக்குது? குக்கர் வச்சிருக்கீங்களா?"

"போடா."

"பருப்பு வெந்தா ஒரு கரண்டி குடுங்க."

ஆளுக்குப் பதிலாக மண் மூட்டை. ஓடையோரம் சாக்கில் அள்ளி, ஆள் உட்காரும் இடத்தில் மூட்டை, நிற்கும் இடத்தில் மூட்டை. பின் கம்பியில் இரண்டைக் கயிறு போட்டுக் கட்டினார் காசிமாயன். முன் சீட்டில் மட்டும் மூட்டை வைக்கவில்லை. அங்கே சிக்கந்தர் உட்கார வேண்டும்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் குடத்தோடு வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். நின்றாள்.

காசிமாயன் கயிற்றை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். ஏற்கெனவே இறுகிய கயிறு அது.

அவள் அப்பாவிடம் பேசவில்லை. சிக்கந்தரிடம் பேசினாள்.

"பம்பு பாய்தானே நீங்க?"

"ஆமாம்மா."

"உள்ள இன்னும் ஒரு மூட்டைக்கு இடம் இருக்கு பாருங்க."

"இருக்கட்டும்மா. போதும்."

"உங்களுக்குப் போதும். அவரு விடுவாரா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"எம் மக" என்றார் காசிமாயன், கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

"தெரியுது" என்றார் சிக்கந்தர்.

முதல் தடவை ஏறினார்கள்.

கழுதைப்பாறை கொடுமையான ஏற்றம். வளைவுக்கு வளைவு கல் துருத்திக்கொண்டிருக்கும். ஜீப் இரண்டாவது கியரில் ஏறியது. விசில் சத்தம் கூடியது. முள் ஏறிச் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றது. புகை இல்லை. திணறாமல் ஏறியது.

காசிமாயனின் முகம் மலரவில்லை. பாதி ஏற்றத்தில், கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி மறுபடி பள்ளத்துக்கே இறக்கினார்.

"ஏண்ணே? இழுத்துச்சே."

"பத்தாது பாய்."

"ரெண்டுல ஏறுச்சு."

"மூணுல ஏறணும். பறக்கணும். டீசலை இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

"கோட்டைத் தாண்டிரும்."

"தாண்டட்டும். அன்னைக்கு நான் கேட்டதும் இதைத்தான். பறன்னேன். பறக்கலை. இன்னைக்குப் பறக்கணும்."

சிக்கந்தர் பானெட்டைத் தூக்கினார். பம்பில் டீசல் அளவைக் கூட்டுகிற திருகைக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் வைத்தார்.

"நான் திருப்ப மாட்டேன். நீங்க திருப்புங்க."

"எவ்வளவு?"

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

காசிமாயன் திருப்பினார். சிக்கந்தரைப் பார்த்தார். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிமாயன் இன்னும் திருப்பினார்.

ஜீப் பாய்ந்தது. பின்னால் கரும்புகை எழுந்து பாதையை மூடியது. வீரணன் கீழே எதையோ கத்தினான். மூன்றாவது கியர். மூட்டைகள் குதித்தன. வளைவில் சக்கரம் கல்லைத் தெறிக்கவிட்டது. விசில், விசிலாக இல்லை. வீறிட்டது.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. காசிமாயன் அதைப் பார்க்கவில்லை. பாதையையும் சரியாகப் பார்த்தாரா தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஏதோ முனகினார். 'பற, பற' என்று சிக்கந்தர் காதில் விழுந்தது.

உச்சி வந்தது. காசிமாயன் பிரேக்கை மிதித்தார்.

"பார்த்தீங்களா பாய்! பார்த்தீங்களா! இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா..."

கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. இழுத்து நிறுத்திவிட்டு இறங்கி ஆட வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

சிக்கந்தரின் கை அவர் கையைப் பிடித்தது.

"நிறுத்தாதீங்க."

"உச்சி வந்துருச்சே?"

"உள்ள விசிறி இன்னும் சுத்திட்டிருக்கு. சூடாக் கெடக்கு. எஞ்சின் நின்னா எண்ணெய் நின்னுரும். விசிறி நிக்காது. கருகிரும்."

"பின்ன?"

"ஐட்லிங்ல ஓட விடுங்க. காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"முள் இறங்குற வரைக்கும்."

கையை விட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை. இரும்பெல்லாம் மெல்ல நடுங்கியது. கியர் கம்பி நடுங்கியது. பின்னால் மூட்டைகள் ஒன்றோடொன்று உரசின, பொறுமையில்லாத ஆட்களைப்போல.

காசிமாயன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மீட்டரைப் பார்த்தார். முள் அசைந்த மாதிரி இல்லை.

"எனக்கு இப்படி உறுமிட்டு நிக்கிறது புடிக்காது பாய்."

"ஸ்டாண்டுல தினம் நிக்கிறீங்கள்ல?"

"அது வேற. அது ஆள் ஏத்துறதுக்கு."

அந்த மலையில் வழக்கம் அப்படி. முறையில் முதலில் நிற்கிற வண்டி எஞ்சினைப் போட்டுவிடும். உறுமல் கேட்டால், வண்டி கிளம்புகிறது என்று சனம் ஓடிவரும். வண்டி கிளம்பாது. ஒரு அடி முன்னே போகும், ஒரு அடி பின்னே வரும். ஹாரன் அடிக்கும். 'கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு' என்று டிரைவர் கத்துவான். கடைசி ஆள் ஏறி, வண்டி பிதுங்கினால்தான் சக்கரம் உருளும். நிறையாமல் கிளம்பினால் பின்வண்டிக்காரன் கேலி செய்வான். எந்த டிரைவரும் நிறையாமல் கிளம்பியதில்லை.

சிக்கந்தர் மீட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு வண்டியை எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?"

"உடனே. அவ நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு வந்தா. முன்னால உக்கார வச்சேன். அந்த நிமிசமே ஸ்டார்ட் பண்ணிட்டேன். சாமி சத்தியமா பாய், ஒரு நிமிசம் தாமதிக்கலை."

"எப்ப நகந்துச்சு?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

காசிமாயனின் விரல் தாளத்தை நிறுத்தியது.

சிக்கந்தர் இறங்கினார். வண்டியைச் சுற்றிப் போய்ப் பாறை ஓரம், அவருக்கு முதுகு காட்டி நின்றார்.

இடது பக்க சீட் காலியாக இருந்தது. எஞ்சினோடு சேர்ந்து அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

காசிமாயன் அதைப் பார்த்தார். பார்வையை எடுத்தார். மறுபடி பார்த்தார்.

"வாயுன்னு நினைச்சேன்" என்றார்.

யாரும் கேட்கவில்லை.

"சோடா குடிச்சா. ஏப்பம் விட்டா. நல்லாத்தான் இருந்தா."

எஞ்சின் ஓடியது.

"அவளே சொன்னா பாய். 'ஆளு ஏறட்டும், வெறும் வண்டியாவா போவே'ன்னா. அவதான் சொன்னா. டிரைவர் பொண்டாட்டி. வண்டி ரொம்பலைன்னா என்னைவிட அவளுக்குத்தான் மனசு கேக்காது. வேர்த்துக்கிட்டே அவ ஆளைக் கூப்பிட்டா. 'வாங்க வாங்க, கிளம்பியாச்சு'ன்னு."

சிக்கந்தர் திரும்பவில்லை.

"மீனா பின்னால உக்காந்திருந்தா. 'போப்பா'ன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. 'போப்பா, அம்மா கையெல்லாம் சில்லுன்னு இருக்கு, போப்பா'ன்னா."

காசிமாயன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"'இன்னும் ஒரு ஆளு'ன்னேன்."

காற்று வந்தது. கரும்புகையின் வாடை இன்னும் இருந்தது.

"இந்த எடத்துலதான் ரேடியேட்டர் கொதிச்சு நின்னுச்சு. அத்தனை பாரம். தண்ணி ஊத்த எறங்கினேன். ஊத்திட்டு வந்து பார்த்தேன். பக்கத்துல இருந்த பொம்பளை தோள்ல சாஞ்சிருந்தா. தூங்குறாளேன்னு நினைச்சேன். தூங்கட்டும்னு மெதுவா எடுத்தேன் பாய் வண்டியை."



சிக்கந்தர் வந்து மீட்டரை எட்டிப் பார்த்தார். முள் இறங்கி அடியில் கிடந்தது.

"இப்ப நிறுத்தலாம்ணே."

காசிமாயன் கையைக் குமிழுக்குக் கொண்டுபோனார். இழுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது.

சிக்கந்தர் அவசரப்படுத்தவில்லை. பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தார். ஒரு மூட்டையை இறக்கிப் பாதையோரம் வைத்தார். அடுத்ததை இறக்கினார்.

மண் மூட்டை கனம். ஒற்றை ஆளாய் இறக்கிக்கொண்டே இருந்தார். கடைசி மூட்டை இறங்குகிற வரை எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்குவதற்கு முன் காசிமாயன் கேட்டார். குரல் கீழே போயிருந்தது.

"அந்தத் திருகை உங்க அளவுக்கே வச்சிருங்க பாய்."

சிக்கந்தர் வைத்துக் கொடுத்தார்.

ஆடி பிறந்து, மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் காசிமாயன் பட்டறைக்கு வந்தார். எண்ணெய் மாற்ற வேண்டும். டர்போ வண்டிக்கு எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும்.

வண்டியை நிறுத்தியதும் குமிழை இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் இறங்கியதும் இழுத்தார். பிறகு இறங்கினார்.

"எப்படி இழுக்குது?" என்றார் சிக்கந்தர்.

"இழுக்குது."

"மக ஏறுனாளா?"

"இல்லை."

சிக்கந்தர் வண்டிக்கு அடியில் தட்டை வைத்தார். கறுத்த எண்ணெய் சரடாக இறங்கியது.

"சனிக்கிழமை மொத வண்டி என்னுது" என்றார் காசிமாயன். "பின்னால மூணு பேரு ஏறுனாங்க. எடுத்துட்டேன்."

"வீரணன் என்ன சொன்னான்?"

"'வண்டிக்கு மலையைச் சும்மா சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போறீங்களா'ன்னான். சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்."

"அப்புறம்?"

"மீனா அவன் வண்டிகிட்டதான் நின்னுக்கிட்டிருந்தா. நான் எடுக்கிறதைப் பார்த்தா. மூணு பேரோட நகருதுன்னதும் ஓடி வந்தா. மழையில ஓடி வந்து இடது பக்கக் கம்பியைப் புடிச்சா. அந்த சீட்டுல நான் யாரையும் உக்கார வைக்கிறதில்லை."

"ஏறத்தானே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

எண்ணெய்ச் சரடு மெலிந்து சொட்டாயிற்று.

"கேட்டா பாய். 'இப்ப மட்டும் எதுக்குக் கிளம்புற?'ன்னு கேட்டா."

சிக்கந்தர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? நின்னேன். எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. பின்னால ஒரு கெழவன், 'ஆளு ஏறாம எடுத்த, இப்ப எதுக்குய்யா நிக்கிற'ன்னு கத்துறான். வீரணன் ஹாரன் அடிக்கிறான். அவ கை கம்பிமேல இருந்துச்சு."

"கையை எடுத்தாளா?"

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எடுக்கலை. ரொம்ப நேரம்."